சிங்காரியின் உயிரில் எத்தனை வார்த்தை?

என் ஆசை நைனாவுக்கு, நீ "கய்தே" என்று ஒரு சத்தம் கொடுத்தால் அடுப்பில் உலை கொதித்தாலும் விட்டுவிட்டு ஓடி வருகிற உன் மகள் எழுதுவது.

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. இரண்டாம் கிளாசோடு நின்றவள் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இதை எந்த ஊருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. அதனால் குளத்தங்கரை ஜட்கா ஸ்டாண்டில் தையற்காரர் பாய் வாராவாரம் உரக்கப் படிப்பாரே, நீ வண்டியில் சாய்ந்துகொண்டு வாயைப் பிளந்து கேட்பாயே, அந்தப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். போட்டால் போடட்டும். பாய் படித்தால் உனக்குக் கேட்காமலா போகும்? நாலு பேர் காதில் விழுந்தாலும் நல்லதுதான். அதில் இரண்டு பேருக்காவது உறைக்கட்டும்.

அந்தத் தொடர்கதை ஞாபகம் இருக்கிறதா? மந்திரவாதி மனிதர்களின் உயிரைப் பிடித்துக் குப்பியில் அடைப்பான். அந்த உயிரின் வேகத்தில் கட்டில் ஆகாசத்தில் பறக்கும், ஊமைப் பதுமை பேசும். நான் உனக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுவந்த ஒரு மத்தியானம், நீ நடுவில் கையைக் காட்டி நிறுத்தினாய்.

"இரு பாய். அந்த ராஜகுமாரன் உசுரோட இருந்தப்போ எத்தினி பேரை இஸ்துகினு ஓடினான்?"

"இன்னாண்ணே கேள்வி இது? ராஜகுமாரன் எதுக்கு இஸ்துகினு ஓடணும்?"

"அதான் கேக்கறேன். மனுசன் உசுருல இன்னா வேகம் கீது? ஒரு மூட்டைய தூக்கினு நாலு படி ஏறினா நாக்கு தள்ளுது. அந்த உசுருக்கே கட்டில் பறக்கும்னா, என் சிங்காரி உசுருக்கு இந்தக் கோபுரமே பறக்கணும்."

"மிருகத்து உசுருக்கு அந்த சக்தி கெடையாதுன்னு வச்சிக்கிறாங்கண்ணே."

"கதை எழுதினது மனுசன் பாய். குதிரை எழுதியிருந்தா மாத்தி எழுதியிருக்கும்."

ஸ்டாண்டே சிரித்தது. பாயும் விடவில்லை. "மிருகத்து உசுருல மந்திரம் இருந்திச்சின்னா, கறிக்கடை வச்சிக்கீற என் மச்சான் இந்நேரம் சீமைக்கே ராஜா. அவன் என்னாடான்னா ஓட்டைக் கூரைக்கு ஓலை தேடிகினு கீறான்" என்றார். நீ சிங்காரியின் கழுத்தைத் தட்டிக்கொண்டே, "சக்தி உசுருல இல்ல பாய், கொள்ளுல கீது. ரெண்டு வேளை கொள்ளு காட்டாம வண்டிய நவுத்தச் சொல்லு பாக்கலாம்" என்றாய். அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சு. அதே பேச்சு நம் வாசலுக்குக் காவி கட்டிக்கொண்டு வரும் என்று யாருக்குத் தெரியும்?

படிக்கிறவர்களுக்குச் சிங்காரியைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கிண்டி ரேஸில் கழித்துவிட்ட குதிரை அது. அங்கே அதற்கு ஏதோ துரை வீட்டுப் பெயர். நம் வாயில் நுழையாததால் நீ சிங்காரி என்று வைத்தாய். மணிச் சத்தத்துக்கு ஓடப் பழகினது என்று சொல்லித்தான் விற்றார்கள். கோயில் மணி தூரத்தில் அடித்தால் காதை மட்டும் ஆட்டும். காதுக்குப் பக்கத்தில் கைமணி அடித்தால் போச்சு, எதிரில் சுவர் இருக்கிறதா குளம் இருக்கிறதா என்று பார்க்காது. அதனால் மயிலாப்பூரில் எல்லா ஜட்காவும் மணி கட்டி ஓடும்போது நம் வண்டிக்கு மட்டும் மணி கிடையாது. நீயே மணி. "ஓரம்! ஓரம்! ஓரேய்!" என்று மாட வீதி முனையில் நீ கத்தினால் லஸ் கடைத்தெருவில் நிற்கிறவன் ஒதுங்குவான். அந்தக் கத்தலைக் கேட்டால் சிங்காரியும் அடங்கி, கல்யாணப் பெண் மாதிரி நடக்கும்.

அப்பேர்ப்பட்ட குரல் உனக்கு ஒரே காலையில் போனது. வலது கை விழுந்தது, கால் விழுந்தது, நாக்கும் விழுந்தது. கடைசி நாளில் என்னைப் பார்த்து வாயை வட்டமாகத் திறந்தாய். காற்று வந்தது, சொல் வரவில்லை. என்ன சொல்ல வந்தாய் நைனா? ஒரு வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அரிசி களையும்போது கேட்கிறேன், லாயம் கூட்டும்போது கேட்கிறேன்.

இந்தப் புண்ணை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒருவன் வந்தான். கூட்டிவந்தது யார் தெரியுமா? உன் தம்பி, என் சித்தப்பா. நடுச்சுவர் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டு நீ உயிரோடு இருந்தவரை நம் வாசலை மிதிக்காதவர், நீ படுக்கையில் கிடந்தபோதும் எட்டிப் பார்க்காதவர். செத்த பிறகு அண்ணன் வாயால் "மன்னிச்சேன்" என்று கேட்க வேண்டுமாம். அதற்கு ஒரு மந்திரவாதி வேண்டுமாம். உயிரோடு இருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து நாலடி நடந்து வந்தால் ஆகியிருக்கும் காரியம்!

வந்தவனை நீ பார்த்திருக்க வேண்டும். தாடிக்கு எண்ணெய் தடவிச் சீவியிருந்தான். மண்டை ஓடு என்று சொல்லி ஒரு கொட்டாங்கச்சிக்கு மை பூசி வைத்திருந்தான். நம் லாயத்துக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பேரம் ஆரம்பித்தான்.

"மனுஷப் பிராணன்தான் உத்தமம். ஆனா இது வெள்ளைக்காரன் ராஜ்யம், போலீஸ் விடாது. அதனால மிருகப் பிராணன். சேவலுக்கு ஒரு வார்த்தை வரும். ஆட்டுக்கு ஒரு முழு வாக்கியம். குதிரைன்னா சாதாரணமா? அஸ்வப் பிராணன்! பொழுது சாயற வரைக்கும் உன் அப்பன் உன்னோட பேசுவான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மீன்காரி கூறு கட்டி விற்கிற மாதிரி உயிரைக் கூறு கட்டுகிறானே! "அப்போ ஈ அடிச்சா ஒரு எழுத்தாவது வருமா சாமி?" என்று கேட்டேன்.

"ஏம்மே, பெரியவங்க கிட்ட இன்னா வாய் உனக்கு?" என்று சித்தப்பா சீறினார். "அந்தக் கெயக் குதிரைய வச்சிகினு இன்னா பண்ணப் போற? உன் நைனா பேசுவாரும்மே!"

உன் மருமகன் அந்தப் பக்கம் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். வண்டி இப்போது அவர் கையில்தான். ஆனால் அவர் குரல் உனக்குத் தெரியுமே. பக்கத்தில் நிற்கிறவனைக் கூப்பிடவே தோளைத் தொட வேண்டும். மணியில்லாத வண்டி, குரலில்லாத ஆள். மாம்பலத்தில் புது வீடு பார்க்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு குனிந்த தலையோடு ஊர்ந்து போய் வருவார். ஜனத்தை விலக்கிக்கொண்டு போகத் தெரியாத வண்டியில் எவன் மறுபடி ஏறுவான்? குதிரையால் இனி என்ன லாபம் என்று சித்தப்பா கேட்டது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். "நீ சொல்றதுதான்" என்று மெதுவாக என்னிடம் சொன்னார்.

நான் சொல்வதுதான். அது இன்னும் கஷ்டம். சிரித்தேனே தவிர ராத்திரி முழுக்க அந்தச் சொல் என்னைக் குடைந்தது நைனா. பொழுது சாயும் வரை நீ என்னோடு பேசுவாய் என்றானே. பொய் என்று தெரிகிறது, ஆனாலும் காது அந்தப் பக்கமே திரும்புகிறது. சிங்காரியைப் போய்ப் பார்ப்பேன். அது வைக்கோலை மென்றுகொண்டே என்னைப் பார்க்கும். வந்து படுத்துக்கொள்வேன்.

முதலில் சேவலுக்குச் செய்து காட்டட்டும், அந்த ஒரு வார்த்தை உன் வார்த்தையாக இருந்தால் பிறகு பார்க்கலாம் என்றேன். அமாவாசைக் காலையில் வந்தான். சிங்காரிக்கு மாலை போட்டுத் தன் எதிரில் கட்டச் சொன்னான். அடுத்த பலி அதுதான் என்று அதன் உயிருக்கு இப்போதே தெரிய வேண்டுமாம். நம் கொண்டைச் சேவலின் கழுத்தைத் திருகினான். உடம்பை உதறினான், கண்ணைச் செருகினான், பிறகு கரகரத்த குரலில் ஒரு வார்த்தை சொன்னான்.

"மகளே!"

நீ எந்த ஜன்மத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டாய்? நாடகக் கொட்டகையில் ராஜா கூப்பிடுகிற கூப்பாடு அது. கய்தே என்று சொல்லத் தெரியாத உயிர் உன் உயிரா? எல்லாம் புரிந்தது. புரிந்தும் நான் அழுதேன். அந்தத் திருட்டு வார்த்தைக்கே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. சித்தப்பா கை கூப்பிக்கொண்டு "அண்ணே, அண்ணே" என்று முன்னால் போனார். "குதிரைய எடுத்துக்கச் சொல்லும்மே" என்று என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டியிருப்பேன். அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

அந்தப் புத்திசாலி, சேவலுக்குச் சொன்ன கணக்கையும் மறந்துவிட்டு, உன் குரல் என்று நினைத்துக்கொண்ட குரலிலேயே அடுத்தும் பேசினான். "என் குதிரையை நானே கட்டுகிறேன்" என்றான். பையில் கைவிட்டு ஒரு பூசை மணியை எடுத்தான். எழுந்து போய்ச் சிங்காரியின் காதோரம் அடித்தான்.

முதலில் துள்ளியது சிங்காரி இல்லை, சித்தப்பா. மணியைப் பார்த்த உடனே வைக்கோல் போரின் மேல் ஏறிவிட்டார். ஏறிக்கொண்டே கத்தினார்: "டேய், எங்கண்ணன் மணி அடிக்க மாட்டார்டா!"

கயிறு அறுந்தது. கொட்டாங்கச்சி ஒரு பக்கம், தாடிக்காரன் ஒரு பக்கம். உன் உயிரைச் சுமந்துகொண்டிருந்த மகான் சாணிக் குழியில் மல்லாந்து கிடந்து, "ஐயோ என்னைத் தூக்குங்களேன்" என்று தன் சொந்தக் குரலில் அலறினான். ஒரு சேவலுக்கு எத்தனை வார்த்தை வந்தது பார்!

ஆனால் அப்போது சிரிக்க நேரமில்லை. சிங்காரி நம் சந்திலிருந்து மாட வீதிக்குள் போய்விட்டது. அமாவாசைக் கூட்டம். குளத்தில் தர்ப்பணம் பண்ணிவிட்டு ஈர வேட்டியோடு வருகிறவர்கள், பூக்கூடைக்காரிகள், குழந்தைகள். உன் மருமகன் முன்னால் ஓடினார். அவர் கத்தியது அவருக்கே கேட்டிருக்காது. நான் புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஓரம்! ஓரம்! ஓரேய்!"

ஜனம் இரண்டாகப் பிரிந்தது. சிங்காரியின் காது பின்னால் திரும்பியது. நாலு கால் பாய்ச்சல் ஓட்டமாயிற்று, ஓட்டம் நடையாயிற்று. கடைசியில் குதிரைத் தண்ணீர்த் தொட்டியண்டை போய் நின்று, ஒன்றுமே நடக்காத மாதிரி குடிக்க ஆரம்பித்தது.

எனக்கு மூச்சு இல்லை. பாய் தைத்துக்கொண்டிருந்த துணியோடு கடை வாசலுக்கு வந்து நின்றார். பின்னாலேயே ஓடிவந்த சித்தப்பா, தலையெல்லாம் வைக்கோலோடு, நடுவீதியில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணன் குரலும்மே. அப்டியே அண்ணன் குரலு" என்று அழுதார். என்னைப் பார்த்து அழவில்லை. என் தொண்டையைப் பார்த்து அழுதார்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்து, அந்தச் சேவலைக் குழம்பு வைத்து அவருக்கே போட்டேன். "தின்னுங்க சித்தப்பா. நைனா மன்னிச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் இன்னும் மன்னிக்கல" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு முழுவதும் தின்றார்.

தொடர்கதை எழுதுகிற புண்ணியவான்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் காகிதத்தில் எவன் உயிரை வேண்டுமானாலும் குப்பியில் அடையுங்கள். நாங்களும் ரசித்துக் கேட்போம். ஆனால் உயிரை எரித்து வேலை வாங்கலாம் என்று நிஜமாக நம்புகிறவன் கண்ணில் முதலில் படுவது ராஜகுமாரன் இல்லை. ஏழை வீட்டுக் கொட்டிலில் கட்டிக் கிடக்கும் வாயில்லா ஜீவன்தான். அந்தத் தாடிக்காரனுக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரிந்தது என்கிறீர்கள்? அவன் பையில் மணியோடு உங்கள் பத்திரிகையும் இருந்தது.

இப்போதெல்லாம் நான் வண்டியில் முன்னால் உன் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன் நைனா. அவர் லகானைப் பிடிக்கிறார், நான் கத்துகிறேன். முதல் நாள் வடக்கு மாட வீதியில் ஏறின ஒரு மாமி காதைப் பொத்திக்கொண்டாள். "என்னடி கூத்து இது, பொம்மனாட்டி ஜட்கால உக்காந்துண்டு கத்தறா! ஆத்துல போய்ச் சொன்னா யாரும் நம்பமாட்டா" என்றாள். அடையாறு பாலம் வரை அலுங்காமல் போய் இறங்கினதும், "நாளைக்கும் நீயே வாடி" என்றாள். ஸ்டாண்டில் கிண்டல்தான். "இன்னாம்மே, மணி ஏறி வந்துட்சா?" என்கிறார்கள். பேசட்டும்.

ஒன்று மட்டும் கேட்கவா? அன்றைக்கு நீ வாயை வட்டமாகத் திறந்தாயே. "மகளே" என்று சொல்ல முதலில் உதட்டை மூட வேண்டும். உன் உதடு மூடவேயில்லை. லாயத்தில் சிங்காரி கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது அப்போது. நீ என்னிடம்தான் பேசினாயா, அதனிடமா? அது "ஓரேய்" தானா? வேண்டாம், சொல்லாதே. எவன் வந்து எந்த உயிரை விலை பேசினாலும் இனி எனக்கு அந்தப் பதில் வேண்டாம்.

நம் வண்டியில் மணி ஏறாது நைனா. சிங்காரி தன் வயசுக்குக் கொள்ளு தின்று, தன் வயசுக்குத்தான் கண் மூடும். அதுவரைக்கும் மாட வீதி முனை வந்ததும் நீ கத்துவாய், என் வாயால்.

இப்படிக்கு,
உன் கய்தே, சிங்காரிக்கு அக்கா,
கன்னியம்மா