சகலை வீட்டு உப்புத்தண்ணீர்

மே 3, ஞாயிறு

காலையிலேயே வெயில். மதியச் சாப்பாடு ஸ்ரீரங்கத்தில், என் மனைவி சுதாவின் அக்கா வீட்டில். சகலை முரளி செருப்பைக் கழற்றுமுன் ஹாலுக்கு இழுத்துப் போனார். கடல் மீன் தொட்டி. என்னுடையதைப் பார்த்துத்தான் இந்தப் பொங்கலுக்கு வாங்கினார். யாருக்கும் ஞாபகமில்லை.

தண்ணீர் பளிங்கு. கோமாளி மீன் ஜோடி முட்டை வேறு போட்டிருக்கிறது. என் தொட்டியில் பாறையெல்லாம் பழுப்புப் பாசி, மீன் இரண்டும் மூலையில். வயிறு எரிந்தது. சாம்பார் நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

"சும்மா சும்மா தண்ணிய டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க சகலை. அது பாட்டுக்கு இருக்கும்." அவரிடம் டெஸ்ட் கிட்டே கிடையாது! என் மகள் நிலா கிளம்பும்வரை பெரியப்பா தொட்டியை விட்டு நகரவில்லை.

மே 5, செவ்வாய்

ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் தண்ணீர் மாற்றம். ஆர்.ஓ. தண்ணீர், உப்பு கரைத்தல், ஃபில்டர் பஞ்சு அலசல். டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் இன்னும் சிவப்பு, கழிவு குறையவே இல்லை.

சுதா: "இதுல பாதி கவனம் போதும், சமையல்கட்டுக் குழாய் சொட்டாம இருக்கும்."

நிலா: "பெரியப்பா இதெல்லாம் பண்றதே இல்லப்பா."

தெரியும். தெரியும்.

மே 8, வெள்ளி

சகலை போன். குடும்பத்தோடு கொடைக்கானல். சாவி என்னிடம்.

"வெயில்ல தண்ணி குறையுதுங்க. பால்கனி வாளில உப்புத்தண்ணி கரைச்சு வச்சிருக்கேன். குறைஞ்ச அளவுக்கு அதையே ஊத்துங்க. நான் எப்பவும் அப்படித்தான்."

காதை நம்ப முடியவில்லை. ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கும். ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மனிதர் கோடை முழுக்க உப்பு மேல் உப்பு ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

நுனி நாக்குவரை வந்தது. "சரிங்க சகலை" என்று வைத்துவிட்டேன்.

மே 9, சனி

உப்பு அளக்கும் மீட்டரோடு போனேன். அளவு எங்கேயோ போயிருக்கிறது. கோமாளி மீன்கள் ஒண்டியிருக்கும் கடற்சாமந்தி சுருங்க ஆரம்பித்துவிட்டது.

பால்கனி வாளி முன்னால் நின்றேன். அவர் சொன்னபடியே ஊற்றினால் போதும். அவர் திரும்புவதற்குள் கதை முடிந்துவிடும், என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இந்த நினைப்பு நிஜமாகவே வந்தது. கொஞ்சம் இனித்தது.

செய்யவில்லை. மீன் என்ன பாவம் செய்தது? தொட்டியிலிருந்து சில மக் தண்ணீர் எடுத்துவிட்டு, பதிலுக்கு ஆர்.ஓ. தண்ணீர். ஒரேயடியாக இறக்கக் கூடாது, நாளைக்கும் வர வேண்டும்.

மே 13, புதன்

பஸ்ஸில் கூட்டம். உப்பு சரியான அளவுக்கு வந்துவிட்டது. சாமந்தி நன்றாக விரிந்திருக்கிறது. நான் செய்தது. என் வீட்டில் மட்டும் ஏன் ஒன்றும் விளங்கமாட்டேன் என்கிறது?

மே 16, சனி

சாவி கொடுக்கப் போனோம். தைலம், சாக்லேட், ஸ்வெட்டர் போட்ட போட்டோக்கள்.

"பாத்தீங்களா, நான் இல்லாமலே எப்படி ஜம்முனு இருக்கு! சொன்ன மாதிரி உப்புத்தண்ணிதானே ஊத்துனீங்க?"

நிலா பக்கத்தில்தான் நின்றாள்.

"ஆமாங்க. அப்படியேதான்."

ஏன் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் அவர் தொட்டி இன்னும் நன்றாக இருக்கும். வேறு காரணமே இல்லை.

மே 18, திங்கள்

வீட்டுக்குள் நுழையும்போதே நிலா ஓடி வந்தாள். சட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு.

"அப்பா, நம்ம தொட்டில தண்ணி குறைஞ்சிருந்துச்சு. பெரியப்பா மாதிரியே உப்புத்தண்ணி ஊத்திட்டேன். உப்புப் பாக்கெட்ல இருந்தத பூரா கரைச்சேன்!"

ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. மற்றது பாறை இடுக்கில் மூச்சு வாங்குகிறது. அதை வாளிக்கு மாற்றினேன்.

"உப்புத்தண்ணி ஊத்தக் கூடாதும்மா."

"நீதானப்பா சொன்ன, அப்படியேதான் ஊத்துனேன்னு?"

ஆர்.ஓ. மிஷினிலிருந்து நூல் மாதிரி வருகிறது தண்ணீர். குடம் நிறையும்வரை வேறு வேலை இல்லை, எழுதுகிறேன். நிலா அழுது முடித்துவிட்டாள். முகம் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் நிற்கிறாள்.

"அப்ப பெரியப்பா மீனும் செத்துருமாப்பா?"