மீதமுள்ள நான்கு நாள் சிகிச்சை வேண்டி

அனுப்புநர்
நான்காம் இருக்கை அழைப்புப் பணியாளர்,
அவசர உதவி அழைப்பு மையம், இரண்டாம் தளம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அவசர உதவி அழைப்பு மையம்.

பொருள்: பத்து நாள் தீவிர மனநலச் சிகிச்சை ஆறாம் நாளில் நிறுத்தப்பட்டது – பணித்தகுதிச் சான்றை ரத்து செய்யவும், மீதி நாட்களை வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பணிக்குத் திரும்புமாறு எனக்கு வந்த ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை என்னால் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. சமையல் மேடையில் கொஞ்சம், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கொஞ்சம், மாடிப்படியில் கொஞ்சமாக எழுதியிருக்கிறேன். கையெழுத்து இடத்துக்கு இடம் மாறியிருப்பதால் இதை வேறு யாரோ எழுதிக் கொடுத்ததாகக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் பதினோரு ஆண்டுகளாகத் தங்கள் மையத்தில் அழைப்பு எடுத்து வருகிறேன். உடன் வேலை செய்பவர்கள் எனக்கு வைத்த பெயர் 'ஐஸ்கட்டி'. எதிர்முனையில் கூரையே இடிந்து விழுந்தாலும் என் குரல் அசையாது என்பதால் அந்தப் பெயர். பள்ளி வேன் ஓட்டும் என் கணவர், வீட்டில் குக்கர் விசிலடித்தால்கூட நான் "பதட்டப்படாதீங்க, வந்துட்டிருக்கோம்" என்று சொல்வதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பெருமைக்காக இதை எழுதவில்லை. என் குறை முழுவதும் இந்தக் குரலிலிருந்துதான் தொடங்குகிறது.

2. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு பிற்பகல், மூன்று நாற்பத்திரண்டுக்கு ஓர் அழைப்பு வந்தது. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண்மணி பேசினார். மாடிப்படியில் தீ. தாம் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் என்றும், "இன்னைக்குன்னு பாத்து லீவு போட்டுட்டேன் மேடம்" என்றும் அவராகவே சொன்னார். படியில் புகை இருந்தால் கதவைத் திறக்கக் கூடாது, இடுக்கில் ஈரத்துணி வைக்க வேண்டும், சன்னலருகே இருக்க வேண்டும் என்பது நமது விதி. "கதவத் தொறக்காதீங்கம்மா, வண்டி கிளம்பிடுச்சு" என்றேன். அவர் நம்பினார். தெருவை அடைத்து நிறுத்தப்பட்டிருந்த கார்களைத் தாண்டி வண்டி போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டார். அழைப்பு நீடித்தது பதினொரு நிமிடம்.

விசாரணைக் குழு ஒலிப்பதிவை முழுவதும் கேட்டது. கதவைத் திறந்திருந்தால் இன்னும் முன்னதாகவே உயிர் போயிருக்கும் என்று எழுதியது. கடைசி இரண்டு நிமிடம் நான் பேசாமல் இருந்ததை, அழைத்தவர் மூச்சு வாங்கிப் பேச இடம் கொடுத்த பொறுமை என்று பாராட்டி எனக்குக் கடிதமும் கொடுத்தது. புதியவர்களுக்கான வகுப்பில் அந்தப் பொறுமை இப்போது பாடமாகச் சொல்லப்படுகிறது என்று கேள்விப்படுகிறேன்.

3. அடுத்த இரண்டு வாரம் வேலைக்கு வந்தேன். பிறகு ஒருநாள் திரையில் அழைப்பு விளக்கு மின்னியபோது என் விரல் பொத்தானுக்குப் போக மறுத்துவிட்டது. வீட்டில் எந்தக் கதவும் மூடியிருக்க என்னால் விட முடியவில்லை. கணவர் குளியலறைத் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டார். கல்லூரியில் படிக்கும் என் மகள் "பரீட்சைக்குக்கூட கதவ மூடிட்டுப் படிக்க முடியாதாம்மா" என்று சண்டை போட்டாள். பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். குளிக்கும்போது வெளியே நிற்கும் எனக்குக் கேட்கும்படி சத்தமாகப் பாடிக்கொண்டே குளிக்கிறாள். அவளுக்குச் சுத்தமாகப் பாட வராது, ஐயா. பெற்ற பிள்ளையை அப்படிப் பாட வைத்திருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4. மையத்தின் பரிந்துரையின் பேரில் மருத்துவமனையின் பின்கட்டடத்தில் பத்து நாள் சிகிச்சைக்குச் சேர்ந்தேன். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். வாரம் ஒருமுறை போய் வருவது போலல்ல, நடுவில் ஆறவிடாமல் தொடர்ந்து செய்வதுதான் இதன் முறை என்று ஆலோசகர் விளக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, அந்த அழைப்பு இப்போதே நடப்பதுபோல் முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். சொன்னதைப் பதிவுசெய்து தருவார்கள், வீட்டில் தினமும் கேட்க வேண்டும். இடையிடையே, பதட்டம் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் குளியலறைக் கதவை ஐந்து நிமிடம் மூடி வைக்கச் சொன்னார்கள், மூடி வைத்தேன். நான்காம் நாள் நன்றாகச் சாப்பிட்டேன். இந்தச் சிகிச்சை வேலை செய்கிறது என்பதை நான் எங்கும் சாட்சி சொல்லத் தயார்.

ஐந்தாம் நாள் மாலை ஆலோசகர் ஒன்றைக் கண்டுபிடித்தார். "ஒவ்வொரு தடவையும் ஒன்பதாவது நிமிஷத்துலேர்ந்து நேரா பதினொண்ணுக்குத் தாவிடுறீங்க. நடுவுல என்ன இருக்கு?" என்று கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன். அவர் வற்புறுத்தவில்லை. அவருடைய தந்தைக்கு அறுவை சிகிச்சை என்பதால் ஒருநாள் விடுப்பு என்றும், ஏழாம் நாள் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறோம் என்றும் சொன்னார். ஒலிப்பதிவின் அந்தப் பகுதியை மையத்திலிருந்து வாங்கி, இருவரும் சேர்ந்து கேட்கலாம் என்றும் சொன்னார்.

5. ஆறாம் நாள் அவருக்குப் பதிலாக வந்த மூத்த மருத்துவர் என்னை ஒருமுறை சொல்ல வைத்தார். சொன்னேன். நேரம், மாடி, தெரு, வண்டி எண் எல்லாம் வரிசையாக, எங்கும் தடுமாறாமல் சொன்னேன். பத்துக்கு எத்தனை என்றார். இரண்டு என்றேன். பதினோரு ஆண்டுகளாக இந்தப் பக்கம் நிலைமை சரியில்லை என்று நான் யாரிடமும் தொலைபேசியில் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. "இவ்வளவு தெளிவா சொல்றீங்களே, நீங்க நல்லாதான் இருக்கீங்கம்மா" என்றார். "நன்றி சார்" என்றேன். சிகிச்சை வெற்றிகரமாக முன்கூட்டியே முடிந்தது, பணிக்குத் தகுதி என்று சான்று எழுதிக் கையெழுத்திட்டார். இனி மாதம் ஒருமுறை வந்தால் போதுமாம். காத்திருப்போர் பட்டியலில் பன்னிரண்டு பேர் இருப்பதை அவர் மேசையில் நானே பார்த்தேன், ஆகவே அவரைக் குற்றம் சொல்ல முழு மனதும் வரவில்லை. கொஞ்சம் வருகிறது. அவர் அறையின் கதவு மூடியிருந்த நேரம் முழுவதும் என் உள்ளங்கை எப்படி இருந்தது என்று அவர் பார்க்கவில்லை.

மறுநாள் போனேன். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டதால் ஆலோசகரைப் பார்க்க அனுமதியில்லை என்று வரவேற்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் சேர்வதற்கு முன் இருந்ததைவிட மோசமாக இருக்கிறேன். "ஒண்ணு நட, இல்ல உக்காரு" என்கிறார் கணவர். எனக்கு இரண்டும் வரவில்லை.

6. இனி எழுதப்போவதை ஆலோசகரிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த வழி அடைபட்டிருப்பதால் தங்களிடம் சொல்கிறேன். மூன்று முறை எழுதி அடித்திருக்கிறேன், மன்னிக்கவும்.

கடைசி இரண்டு நிமிடம் நான் பொறுமையாக இருக்கவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் அவர் இருமல் தாங்காமல், "மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். நான் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கைதான் செய்தது. மேற்பார்வையாளர் என் தோளைத் தொட்டபோது அழைப்பு முடிந்திருந்தது. அந்தப் பெண்மணி இரண்டு நிமிடமும் நான் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துப் பேசியிருக்கிறார். விசாரணைக் குழுவினர் ஐவரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். வகுப்பில் உட்காரும் புதியவர்கள்கூடக் கேட்டிருக்கக் கூடும். யாரிடம் சொன்னாரோ, அந்த நான் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

7. ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது:

அந்தப் பணித்தகுதிச் சான்றை ரத்து செய்து, திங்கட்கிழமை என்னை இருக்கையில் உட்கார வைக்காமல் இருக்க வேண்டும். உட்கார வைத்தால் என் குரல் சரியாகவே இருக்கும், யாரும் ஒரு குறையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எனக்குப் பயமே அதுதான்.

மீதமுள்ள நான்கு நாட்களையும் இடைவெளியின்றி, அதே ஆலோசகரிடம் வழங்குமாறு மருத்துவமனைக்கு எழுத வேண்டும்.

பாராட்டுக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். அந்த ஒலிப்பதிவை வகுப்பில் போட்டுக் காட்டுவதை நிறுத்த வேண்டும். ஹெட்செட்டைக் கழற்றியதற்கு விதிப்படி என்ன நடவடிக்கையோ, அதை ஏற்கிறேன். அந்த நான்கு நாட்களுக்குப் பிறகு எடுக்குமாறு மட்டும் கேட்கிறேன்.

முக்கியமாக, அந்த இரண்டு நிமிடப் பதிவை ஆலோசகரின் அறைக்கு அனுப்பி வைக்க ஆணையிட வேண்டும். அந்தப் பெண்மணி என்னைத் திட்டியிருக்கலாம். வீட்டாருக்கு ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். ஒன்றுமில்லாமல் வெறும் இருமலாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அழைத்தவர் பேசி முடிக்கும்வரை கேட்பதற்குத்தான் எனக்கு அந்த இருக்கை கொடுக்கப்பட்டது. அந்த அழைப்பை நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை, ஐயா.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
நான்காம் இருக்கை

இடம்: வீட்டு மாடிப்படி
நாள்: வெள்ளிக்கிழமை, முற்பகல்