பெல்சியைக் கூப்பிட்டுக்கொள்

காளையார்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து.

பட்டாளத்தில் இருக்கும் என் பேரன் மரிய ஜெரால்டுக்கு, சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி அப்பத்தா வியாகுலம்மாள் எழுதுவது. நானும் உன் மகள் சின்னவளும் சுகம். உன் பெண்சாதி பெல்சியும் சுகம்தான், அவளுக்கென்ன.

போன் இருக்கையில் கடிதம் எதற்கு என்பாய். போன் அவள் கையில் இருக்கிறது. அவளோடு சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு, சார்ஜ் தீரும்போது அப்பத்தா சாப்ட்டீகளா என்று கேட்கிறாய். நான் வாயைத் திறப்பதற்குள் படம் நின்றுவிடுகிறது. இதை அவள் முன்னால் சொல்ல எனக்கு ரோஷம்.

போன செவ்வாய்க்கிழமை சௌபர்ணிகா என்று ஒரு பெண் காரைக்குடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஏதோ கல்லூரியில் படிக்கிறவள். பட்டாளத்துக்காரர்களும் அவர்கள் குடும்பமும் எப்படி வாழ்கிறார்கள், மனது எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். பட்டாளத்திலிருந்தே அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துவிட்டேன். சலவைச் சேலை கட்டி, காப்பி போட்டுக் கொடுத்து, அந்தோணியார் திருவிழாவுக்கு உனக்கு லீவு கேட்கலாம் என்று எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளோ, பாட்டி, இது மனைவிகளுக்கான கேள்வி, நீங்க கொஞ்சம் உள்ள இருங்க என்றுவிட்டாள். என் வீட்டில் என்னை! அந்தக் காப்பிக்குச் சர்க்கரை போட்டதுதான் எனக்கு வருத்தம்.

கண் திறக்காத பிள்ளையாக உன்னை என் மடியில் போட்டுவிட்டு உன் ஆத்தா போய்ச் சேர்ந்தாள். ஆட்டுப்பால் காய்ச்சி ஊற்றியது நான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கையில் நீ ஓடிய மைதானத்துக்கு வெளியே வெயிலில் நின்றது நான். நேற்று வந்தவள் குடும்பமாம், நான் உள்ளே இருக்கணுமாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். போன லீவு முடிந்து நீ கிளம்பும்போது, உன் நெற்றியில் சிலுவை போட நான் கையைத் தூக்குமுன் அவள் போட்டுவிட்டாள். பெரியவள் நான் நிற்கிறேன். அவள் பிறந்த நாச்சியாபுரத்தில் அப்படித்தான் போலிருக்கிறது. நீயும் குனிந்து கொடுத்தாய். உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது.

அடுப்படிக்குக் கதவு கிடையாது, எல்லாம் காதில் விழுந்தது. பயமா இருக்குமா என்று அந்தப் பெண் கேட்டாள். எல்லையில சண்டைன்னு நியூஸ் வந்தா டிவி ஒயரைப் புடுங்கி ஒளிச்சு வச்சுருவேன், அப்பத்தா பாத்துட்டா தாங்கமாட்டாக என்றாள் பெல்சி. என்னிடம் ரிப்பேர் என்றாளே, கள்ளி!

பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. குடும்பத்தோடு இருக்க உனக்குக் குவாட்டர்ஸ் கொடுத்தும் ஏன் போகவில்லை என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு அப்போதுதான் தெரியும். பெல்சியிடம் சொன்னவன் என்னிடம் சொல்லவில்லை, பார். பெல்சி சிரித்துக்கொண்டே சொன்னாள்: கூப்ட்டா அப்பத்தா வரமாட்டாக, அவுகளுக்குக் குளிர் ஆகாது. விட்டுட்டுப் போனா சண்டை போட ஆளில்லாமப் படுத்துருவாக. வீட்டுக்காரவுக இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கிருவாக.

எனக்கு வயிறு எரிந்தது. உனக்காகப் பாடுபட்டேன் என்று ஊரெல்லாம் நான் சொல்லி வருகிறேன். இவள் எனக்காக உன்னைப் பிரிந்திருந்துவிட்டு, ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. அந்தப் பேரையும் இவளே வாங்கிக்கொள்ள விடுவேனா?

அந்த வீட்டை விட்டுவிடாதே. பெல்சியையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள். நான் எழுதினேன் என்று மூச்சுவிடாதே. ஆபீஸர் உத்தரவு என்று சொல், நம்புவாள். எனக்குத் துணைக்குப் பக்கத்து வீட்டு ஆயி இருக்கிறாள். கோழி காணாமல் போனதிலிருந்து அவளோடு பேச்சு இல்லை, இனி பேசிக்கொள்கிறேன்.

பெல்சிக்குப் பாதம் வெடிக்கும். அந்தக் குளிரில் வெறுங்காலோடு நடக்க விடாதே. சின்னவள் என் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவாள். அங்கே வந்து நன்றாகத் தூங்கினாள் என்றால், அதை மட்டும் எனக்குச் சொல்லாதே.

மாதா உங்கள் மூன்று பேரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காப்பாளாக.

உன் அப்பத்தா,
வியாகுலம்மாள்