வாண்டு நின்ற நாள்

ஜனவரி 6

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். கப்பலில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் சண்டையாகிறது என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

மாதக் கடைசியில் நம் வாண்டுவைப் பார்க்க அரசாங்கப் பரிசோதகர் வருகிறார். இரண்டு வயது தாண்டியும் நிற்காத, பேசாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். மூன்று வயதுக்குள் தொடங்கினால்தான் சட்டப்படி உண்டு. மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டேன்.

உங்கள் அன்பு மனைவி

ஜனவரி 17

என் வாண்டுவின் அம்மாவுக்கு,

என் பிள்ளைக்கு என்ன குறை? நானும் தாமதமாகத்தான் நடந்தேனாம். இப்போது எஞ்சின் அறையில் ஓடிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர் முன்னால் மானத்தை வாங்கிவிடாதே. நிற்கப் பழக்கு. பிஸ்கட்டைக் காட்டினால் எழுந்துவிடுவான், எமகாதகன்.

உன்னவன்

பிப்ரவரி 2

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே பழக்கினேன். பரிசோதகர் வந்ததும் வாண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து, பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பரவாயில்லையே, நல்லா நிக்கிறானே! தானா சரியாயிடும்மா" என்றார். நானும் "ஆமா சார்" என்று தலையாட்டி டீ கொடுத்தேன். அவர் படி இறங்குவதற்குள் வாண்டு சரிந்து உட்கார்ந்துவிட்டான். பயிற்சி தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள். அழுகை வரவில்லை. பாத்திரம் கழுவினேன்.

மறுபரிசோதனை கேட்கலாம். ஆனால் பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்று தாயும் தகப்பனும் கையெழுத்திட வேண்டுமாம், சட்டம் அப்படி. அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். போட்டு அனுப்புங்கள். ஜூலையில் அவனுக்கு மூன்று முடிகிறது.

உங்கள் மனைவி

மார்ச் 11

வாண்டுவின் அம்மாவுக்கு,

அவன் நின்றான் என்று கப்பல் முழுக்கச் சொல்லிவிட்டேன். சமையல்காரர் எல்லோருக்கும் இனிப்பு செய்து கொடுத்தார். இப்போது அவனுக்குக் குறை என்று நானே எழுதித் தரவா? தாளை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். கை வரவில்லை. என்னை விட்டுவிடு. அடுத்த லீவில் வந்து நானே அவனை நடக்கவைக்கிறேன், பார்.

உன்னவன்

மே 20

வணக்கம்.

போன மாதம் கடை டிவியில் சட்டமன்றம் ஓடியது. பெற்றோரில் ஒருவர் கையெழுத்தே போதும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். "என்னம்மா, ஆளுங்க நிக்கிறாங்க, பில் போடு" என்றார் கடைக்காரர். போட்டேன். திருத்தம் அமலுக்கு வந்த அன்றே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அதே பரிசோதகர்தான் மறுபடி வந்தார். இந்த முறை பிஸ்கட் இல்லை. வாண்டு தரையிலேயே கிடந்தான். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்றார். பயிற்சிக்கு இப்போது ஓர் அம்மா வருகிறார். அவன் காலைத் தன் மடியில் வைத்து மடக்கி நீட்டுகிறார். வலித்தால் அழுகிறான். நான் பக்கத்தில் இருக்கிறேன்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

லீவுக்கு வாருங்கள், பிள்ளையைத் தினமும் வந்து பாருங்கள். நீங்கள் தங்குவதற்கு உங்கள் அக்கா வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாண்டுவின் அம்மா