ஒரு டெக், இரண்டு டிவி

பாசம் வைக்கவும் கோபித்துக்கொள்ளவும் எனக்கு வாய்த்த ஒரே ஆளான ராஜாமணி அக்காவுக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இருந்தவரை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லாத பேச்சு என்னிடம் நிறைய மிச்சமிருக்கிறது. நீங்கள் குறுக்கே பேச முடியாத இந்தச் சமயத்தில் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் இப்போது என்ன செய்துவிடப் போகிறீர்கள்?

முதலில் வீட்டுச் செய்தி. நம் ஊர் கொட்டச்சேட்டில் இந்த வருஷம் காப்பி நன்றாகக் காய்த்தது. உங்கள் வீட்டுக்காரரும் இல்லாத நிலையில், உங்கள் மகன் முருகேசனும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசி, வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் தகராறு வேண்டாம் என்றுதான். நடுக்கூடத்தில் சுவர் எழுப்ப மேஸ்திரி வந்தார். தலை உயரம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்கம்மா, மேல போற இந்த ஒயர என்ன பண்றதுங்க? அறுத்துட்டா செவரு நேரா எழும்பீரும். வேணும்னா ஓட்டை உடணுமுங்க."

அறுத்துவிடச் சொன்னார் என் வீட்டுக்காரர். நான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

எந்த ஒயர் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம். தலைச்சோலையிலிருந்து நான் மருமகளாக வந்த வருஷம் அவர்கள் இருவருக்கும் பேச்சு நின்று போயிருந்தது. அடுப்பும் இரண்டாகிவிட்டது. அடுத்த வருஷம், எனக்குச் செல்வி பிறந்திருந்த நேரத்தில்தான், கேசட்டில் படம் ஓட்டுகிற டெக் ஒன்று வாங்கலாம் என்று நீங்கள் கிளம்பினீர்கள்.

"ஆளுக்கொண்ணு எதுக்கு சரசு? ஒரு டெக்கு போதும். எங்கூட்டு டிவிக்கும் உங்கூட்டு டிவிக்கும் ஒயரு இழுத்துக்கலாம். ஒரே படத்த ரெண்டு பக்கமும் பாக்கலாம்."

"உங்க இஷ்டமுங்கக்கா," என்றேன். கைக்குழந்தை செல்வியை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வேன்?

சேலத்துக்குப் போகிறோம் என்று நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றால், நீங்கள் என்னை முதலில் ஏற்காட்டிலுள்ள கேசட் கடைகளுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். இரண்டு கடை. இரண்டிலும் அலமாரி அலமாரியாகப் பார்த்தீர்கள், ஒன்றையும் எடுக்கவில்லை. கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். எனக்கு மானம் போனது.

சேலத்துக் கடையில்தான் காரணம் புரிந்தது. அங்கே இரண்டு ரகம் இருந்தது: சின்னக் கேசட் போடுகிற பீட்டா, பெரிய கேசட் போடுகிற வி.எச்.எஸ். பீட்டாவில் படம் துல்லியமாக இருக்கும் என்று கடைக்காரர் ஓட்டியே காட்டினார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நான் அதற்கே சாய்ந்துவிட்டேன்.

"படம் நல்லாத்தானுங்க இருக்குது," என்றீர்கள் நீங்கள். "ஆனா எங்க மலையில ரெண்டு கடையிலயும் பெரிய கேசட்டுதானுங்களே வெச்சிருக்காங்க. இத வாங்கிட்டுப் போயி துணி போட்டு மூடி வெச்சுக்கறதுங்களா?"

அப்புறம் ஓட்டுவது மட்டும் போதுமா, பதிவு செய்யவும் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். பதிவு வேண்டும் என்றீர்கள். காப்பி பறிக்கிற மாதங்களில் டிவி முன்னால் உட்கார யாருக்கு நேரம்? பிடித்து வைத்தால் ஓய்ந்த நேரத்தில் பார்க்கலாம். வோல்டேஜைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் விசாரித்து, ஸ்டெபிலைசரையும் சேர்த்து வாங்கினீர்கள். மெஷினைத் தேர்ந்தெடுக்கிற விஷயத்தில் உங்களை மிஞ்ச ஆளில்லை, அக்கா. அதை அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம்.

ஆனால் டெக் உங்கள் பக்கம் போய் உட்கார்ந்ததே, அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் போடுவதுதான் எனக்கு. நான் அடிதடிப் படத்துக்கு ஆசைப்பட்டால் நீங்கள் சாமி படம் போடுவீர்கள். இங்கிருந்து ஓட்டவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கூடத்தைத் தாண்டி வந்து உங்களிடம் கேட்க வேண்டும். கேட்க எனக்கு வாய் வராது. அதிகாரம் கையில் இருக்க வேண்டும் என்றுதான் ஒரே டெக் வாங்கினீர்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். தலைச்சோலைக்குப் போகும்போதெல்லாம் என் அம்மாவிடம் இதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறேன்.

ஒரு நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரே நகைச்சுவைக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரிப்புக் கேட்கும். ஒருநாள் என் வீட்டுக்காரர் கொல்லைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் கதாநாயகன் கிணற்றிலிருந்து தப்பித்திருந்தான். என்னிடம் கேட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை, நேரே உங்கள் பக்கம் போய், "அவன் எப்பிடிண்ணா வெளிய வந்தான்?" என்று கேட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அண்ணனோடு பேசிய முதல் பேச்சு அது. உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கிணற்றுக் கதையைக் கால்மணி நேரம் சொன்னார்.

இப்போது நான் மறைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மலையில் மேகம் கலையவில்லை. துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை. மார்கழியில் நீங்கள் குப்பனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது நான் உங்கள் அலமாரியைத் திறந்தேன். கேசட் நாடாவெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பூத்துக் கிடந்தது. உங்களுக்கு முன்னால் நான் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்து காட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. ஈரம் பட்டதை நம் மலையில் என்ன செய்வோம்? காப்பிக் களத்தில் போடுவோம். நானும் போட்டேன். காய்கிற காப்பிக்கொட்டைக்குப் பக்கத்தில், சீக்கிரம் காயட்டும் என்று தகரத்தைப் போட்டு, அதன்மேல் பன்னிரண்டு கேசட்டையும் வரிசையாகப் பரப்பினேன். மதியம் திருப்பியும் போட்டேன். பூசணம் போனதோ இல்லையோ, சாயங்காலம் எடுத்தபோது ஒவ்வொன்றும் அப்பளம்போல் வளைந்திருந்தது.

அதில் ஒன்று சேர்வராயன் கோயில் திருவிழாவில் உங்கள் வீட்டுக்காரர் சாமி தூக்கிக்கொண்டு வருகிற கேசட். நான் எல்லாவற்றையும் பழையபடி அலமாரியில் அடுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் வந்து திறந்து பார்த்தீர்கள். கேசட்டை முகர்ந்தும் பார்த்தீர்கள். காப்பித் தோல் ஒட்டியிருந்திருக்கும், இல்லையா? உங்கள் வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "பனிங்க. பனியில இப்பிடி ஆயிருச்சுங்க," என்றீர்கள். பனியில் பிளாஸ்டிக் வளையுமா? அவர் நம்பினார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வளைந்த கேசட்டின் ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, உள்ளே இருந்த நாடாச் சக்கரங்களை எடுத்துப் புதுக் கேசட்டின் கூட்டுக்குள் மாற்றினீர்கள். திருவிழாக் கேசட்டுக்குத்தான் முதல் கூடு. ஓரத்தில் கொஞ்சம் நடுங்கினாலும் படம் வந்தது. அன்றிலிருந்து, ஈரம் தங்காமல் இருக்க, அந்த அலமாரிக்குள் ஒரு பல்பு எரிந்துகொண்டே இருந்தது. யார் செய்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். கேட்காமல் விட்டீர்களே என்று அதற்கும் சேர்த்து உங்கள்மேல் கோபப்பட்டேன். நான்தான் அக்கா. மன்னித்துக்கொள்ளுங்கள்.

சரி, சுவருக்கு வருகிறேன். நீங்கள் போன இரண்டாம் மாதமே டெக் நின்றுவிட்டது. சாமான் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார் மெக்கானிக். ஆக, ஒயர் மட்டும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரிக்குச் சொன்ன ஒரு வாரத்துக்குள் நானும் உங்கள் மருமகள் கவிதாவும் சேலத்துக்குப் போனோம். இப்போது கேசட் இல்லை, சிடி. திருவிழாக் கேசட்டைக்கூட ஒரு ஸ்டுடியோவில் சிடியாக மாற்றக் கொடுத்திருக்கிறேன்.

கடைக்காரர் சின்னப் பையன்தான். "ஆளுக்கொரு பிளேயர் எடுத்துக்குங்க. ஒருத்தருக்கொருத்தர் தொந்தரவு இல்லீங்க," என்றார். விலை குறைந்த பிளேயரில் மூன்று கலர் பின்தான் வந்தது. நம் பழைய டிவி இரண்டிலும் ஆன்டெனா ஓட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆன்டெனா ஒயர் வழியாகப் படம் அனுப்புகிற பிளேயர் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றே ஒன்று இருந்தது. அதை வாங்கினால் பழைய ஒயரிலேயே இரண்டு பக்கமும் ஓடும்.

"இதுக்குப் பூசணம் புடிக்காதுங்களா?" என்று ஒரு சிடியைக் காட்டிக் கேட்டேன்.

"சோப்புத் தண்ணியில கழுவுனாலும் ஒண்ணும் ஆகாதுங்க," என்று சிரித்தார். களத்தில் காயப்போடலாமா என்று நான் கேட்கவில்லை.

"என்ன கண்ணு சொல்ற? ஒண்ணா, ரெண்டா?" என்று கவிதாவைப் பார்த்தேன்.

"உங்க இஷ்டமுங்க சின்னத்தை."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் நான் வைத்திருந்த குரல். உள்ளே ஒன்றை நினைத்துக்கொண்டு வெளியே தலையாட்டுகிற குரல். இருந்தாலும் ஒன்றுதான் வாங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அக்கா: பஸ் மலை ஏறும்போது மடியில் பிளேயரை வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் அதை எங்கே வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒருவழியாக என் முறை வந்தது என்று சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைச்சோலைக்குப் போய் அழுத நான் இப்படித்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

மேஸ்திரி ஓட்டை விட்டார். பிளேயர் எந்தப் பக்கம், பிளக் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார்.

"அந்தப் பக்கமுங்க. கவிதா பக்கம்," என்றேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கவிதா ஒன்றும் புரியாமல் நின்றாள். "எனக்கு இந்த வயசுல பட்டன் பாத்து அமுக்கத் தெரியாது கண்ணு, நீயே போடு," என்று சொல்லி வைத்தேன். நாற்பதுகூட ஆகாத நான் சொன்ன பொய்.

வீம்புக்குச் செய்ததுதான். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். உங்களைவிட நல்லவளாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அந்த நினைப்பு ஒரு சாயங்காலம்தான் நிலைத்தது.

மறுநாள் அவள் ஒரு படம் போட்டாள். ஒரே காதலும் பாட்டும். எனக்குத் தாங்கவில்லை, இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் வந்தால் எனக்கு வருகிற இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்து நிமிர்ந்தால் படம் அப்படியே நிற்கிறது. கதாநாயகி வாயைத் திறந்தபடி நிற்கிறாள்.

"கவிதா, என்ன கண்ணு, கோளாறா?" என்று ஓட்டையைப் பார்த்துக் கேட்டேன்.

"இல்லீங்க சின்னத்தை. நீங்க நொம்ப இருமுனீங்க. வசனம் போயிருமேன்னு நிறுத்துனேனுங்க. ஆனதும் சொல்லுங்க, போடறேன்."

அக்கா, நான் எழுந்து போய் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றேன்.

செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது வயிற்றுவலியில் ஓயாமல் அழுவாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடப்பேன். தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தால் படம் நான் விட்ட இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷம். அக்கா வாங்கின டெக் ஓட்டை டெக் என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். உங்களிடமே வந்து, "உங்க டெக்கு அடிக்கடி நின்னு போவுதுங்கக்கா," என்று நையாண்டி செய்தேன். "வோல்டேஜு பத்தல சரசு," என்றீர்கள். தலைக்கு மேல் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

நான் ஒரு காட்சியைக்கூட விடாமல் பார்த்தேன். என்னால் நீங்கள் ஒரு படத்தையாவது நிற்காமல் பார்த்திருப்பீர்களா?

கடைசியாக ஒரு செய்தி. ஆடி மாதம் உங்களுக்குப் பேரனோ பேத்தியோ பிறக்கும். கவிதா நன்றாக இருக்கிறாள், புளிக் குழம்பாகக் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறாள். அந்தப் பிள்ளை அழத்தான் போகிறது. அது அழும்போது நான் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு உங்கள் பக்கம் போவேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு களத்துப் பக்கம் வந்துவிடுவேன். தூங்குகிறவரை நடப்பேன். உள்ளே படம் நிற்காது அக்கா. உங்கள் மருமகள் முழுப் படமும் பார்ப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் ஓரகத்தியாக வந்து, தங்கச்சியாக இருந்திருக்க வேண்டிய
சரசு