உனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில்

மதுரையிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட் இன்று வந்தது. டேப்பில் போட்டதும் முதலில் மின்விசிறிச் சத்தம், பிறகு அப்பாவின் கனைப்பு. "கண்ணு, தாத்தா பேசறேன்டா. ஸ்கூல்ல என்ன பண்றே?" என் மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வாட் இஸ் ஹி சேயிங், மா?" இதே கேள்வியை முன்பு உன் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். நீ உயிரோடு இல்லை என்று தெரிந்தும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே அமெரிக்காவில், ரவுண்ட் ராக் கிளினிக்கில் நாம் இருவரும் நர்ஸாக இருந்தபோது, சட்டையில் குத்தியிருந்த உன் ஸ்பானிஷ் பெயரைப் பார்த்ததும் நோயாளிகள் ஸ்பானிஷில் ஆரம்பிப்பார்கள். ஸ்பானிஷ் தெரியாத நீ என்னை முன்னால் தள்ளிவிட்டு நழுவுவாய். என் நிறத்தைப் பார்த்து என்னையும் மெக்சிகோக்காரி என்றே நினைத்தார்கள். அவர்கள் புண்ணியத்தில் நான் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டேன். "என் பேரை நீயே வெச்சுக்கோ. உனக்காவது உபயோகப்படும்" என்று சிரிப்பாய். சிரித்து முடித்ததும் உன் முகம் சுண்டிப்போகும்.

பக்கவாதம் வந்து உன் அம்மாவுக்கு இங்கிலீஷ் மட்டும் மறந்துபோனது. கட்டிலுக்கு ஒருபுறம் நீ, மறுபுறம் நான். அவர் பேசப் பேச நீ என்னைப் பார்த்தாய். "என்ன சொல்றாங்க?" பெற்ற தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு மதுரைக்காரி. "மிஹா" என்று அவர் தொடங்க, "என் மகளே" என்று நான் வாயெடுத்தேன்.

"அது எனக்குத் தெரியும். அதை மட்டும் நீ சொல்ல வேணாம்" என்றாய்.

மற்றதைச் சொன்னேன். சின்ன வயதில் பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்காக அவரை அடிக்கோலால் உள்ளங்கையில் அடித்தார்களாம். உனக்கும் அந்த அடி விழக் கூடாதென்றுதான் வீட்டில் ஸ்பானிஷ் பேசாமலே உன்னை வளர்த்தாராம். நீ அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அம்மாவுக்குப் பின்னால் போன வருஷம் நீயும் போய்விட்டாய். இன்று கேசட் முடிந்ததும் மகள், "ஒய் டிடின்ட் யூ டீச் மீ?" என்று கேட்டாள். உன் அம்மாவின் பதிலை இரவல் வாங்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கூசிப்போனேன். என் மகளை யாரும் அடிக்கவில்லை. என்னையும் அடிக்கவில்லை. அவளுடைய கிண்டர்கார்டன் டீச்சர் புன்னகையோடு, வீட்டிலும் இங்கிலீஷ் பேசினால் நல்லது என்றார். அன்று மாலையே அவளோடு தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவிடமிருந்து மொழியை அடித்துப் பிடுங்கினார்கள். நான் தேங்க்யூ சொல்லி, என் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.