சுவருக்கு அந்தப் பக்கம் தீட்டிய கத்தி

செவ்வாய்க்கிழமை, இரவு.

செல்வம் என் அண்ணனை வெட்டியது கொலையே இல்லையாம். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் சண்டை, திடீர்க் கோபம், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டி முடித்து வந்தவன் கையிலேயே கத்தி இருந்தது, வீசிவிட்டான் என்று அவனுடைய சட்டத்தரணி இன்று நுவரெலியா கோர்ட்டில் சொன்னார். அப்படியென்றால் குற்றம் குறைந்துவிடுமாம்.

திரும்பும்போது ஹட்டன் பஸ்ஸில் செல்வத்தின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெட்கமே இல்லை. தோட்டத்து லய வரிசையில் எங்களுக்கு அடுத்த காம்பரா அவளுடையது; இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"ஏதோ கோவத்துல நடந்துபோச்சு புள்ள. நாளைக்கி சாட்சி சொல்றப்ப நீயும் அப்படியே சொல்லிரு."

"கோவத்துல கத்தியத் தூக்குவாங்க. ஒக்காந்து தீட்டுவாங்களா?" என்றேன்.

அவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். கவ்வாத்துக்காரர்கள் காலையில் மலைக்குப் போகுமுன்தான் கத்தி தீட்டுவார்கள். அன்று சாயங்காலம், சண்டை ஓய்ந்து செல்வம் தன் காம்பராவுக்குள் போன பிறகு, கல்லில் கத்தி உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. நிதானமாகத் தீட்டிவிட்டுத்தான் வெளியே போனான். அண்ணன் இன்னும் பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிறாள். நன்றாக அழட்டும். இந்தச் சுவரில் எல்லாமே கேட்கும். நாளைக்கு நீதிபதியிடமும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.